தையல் டேப்போடு தெருவில் இறங்குங்கள்

எங்கள் வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் ஐந்து நிமிட நடை. மாமியாரை வாக்கரோடு கூட்டிப்போன அன்று, நடைபாதையை விட்டு ஆறு முறை ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் தையல் டேப்பைத் தேடி எடுத்தேன். சென்னையில் தங்கள் தெருவைச் சரிசெய்ய நினைக்கிறவர்களுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

முதல் வேலை, அளப்பது. "நடக்கவே முடியலை சார்" என்றால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) 103ஆம் எண் வழிகாட்டி, நடப்பதற்கென்று குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விடச் சொல்கிறது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான். எங்கள் தெருவுக்கு அதுவே அதிகம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் மிஞ்சியது 40. ஓரிடத்தில் உயரம் 31; அது முழங்காலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அளவோடும் பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள், இடம் தேடி யாரும் அலைய வேண்டாம். இருட்டிய பிறகும் ஒரு தடவை நடங்கள். எந்த விளக்கை மரக்கிளை மறைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்ததுதான் சங்கடம். எங்கள் பட்டியலில் இருபத்திரண்டு இடைஞ்சல்கள். அதில் ஒன்பது, கார் ஏற்றுவதற்காக நாங்களே நடைபாதையை மறித்துப் போட்ட சிமெண்ட் ராம்ப். என்னுடையதும் உண்டு. அதை முதலில் இடித்தேன். கொத்தனாரும் சித்தாளும் அரை நாளில் சரிவைக் கேட்டுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம்தான் எதிர்வீட்டு சாரிடம் பேச வாய் வந்தது. "வண்டி எப்படிம்மா ஏறும்?" என்றார். கூட்டிவந்து காட்டினேன். மற்ற எட்டில் ஐந்து போய்விட்டன. மூன்று வீட்டார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தயவுசெய்து பூக்கார அக்காவிடம் போய் ஆரம்பிக்காதீர்கள். அவர் கூடை வைத்திருப்பது இரண்டடி இடம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அது போக, ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் முனையில் தைரியமாக நடக்க முடிகிறதென்றால், அவர் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான்.

மனு ஒரு பக்கம் போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்வாரியம், பாதாளச் சாக்கடை மூடிக்குக் குடிநீர் வாரியம், நடைபாதைக்கு மாநகராட்சி என்று தனித்தனியாகப் போடுங்கள். பஸ் ஓடும் சாலை என்றால் மாநகராட்சியிலேயே வேறு பிரிவு. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலரிடம் மனுவை நீட்டுவதோடு நிறுத்தாமல் நடக்கக் கூப்பிடுங்கள். எங்களவர் ஒரு ஞாயிறு காலை வந்தார். மாமியாரின் வாக்கரை அவர் கையில் கொடுத்து, கோயில்வரை போகலாம் என்றோம். மூன்றாவது இடத்தில் அதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். கூட வந்த பொறியாளர் என்னிடம் டேப்பைக் கேட்டு வாங்கினார்.