தானமாக வந்த நிலத்தில் பூங்கா: எங்கே தவறுகிறோம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பூங்காவுக்கு நிலம் வாங்கும் ஊராட்சியும் நகராட்சியும் இந்தப் பழமொழியைக் கேட்டால் கெட்டது.

மனைப்பிரிவு போடுகிறவர்கள் திறந்தவெளிக்கென்று 10 சதவீத இடத்தைத் தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்கிறார்கள். எந்த மூலையைக் கொடுப்பார்கள்? மனையாக விலை போகாத மூலையைத்தான். ஆந்திர எல்லையை ஒட்டிய ராணிப்பேட்டைப் பக்கம் அந்த மூலை பழைய டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) தொட்டி இருந்த இடமாகவும் இருக்கலாம், இரவில் லாரி வந்து கழிவு கொட்டிய பள்ளமாகவும் இருக்கலாம்.

“வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு” என்பதுதான் வழக்கமான முதல் தவறு. வில்லங்கச் சான்று விற்பனையையும் அடமானத்தையும் சொல்லும். மண்ணில் எதைக் கொட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெரியும். பதில் பாதித் தெலுங்கில் வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். அப்புறம் கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய படங்களை வருட வாரியாகத் தள்ளிப் பாருங்கள். காசு செலவில்லை.

அடுத்து, மண் பரிசோதனை முடிந்தது என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பிரித்தால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று இருக்கும். அது நெல் போடுகிறவருக்கான அட்டை. பூங்காவுக்கு வேண்டியது குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களின் கணக்கு. குரோமியத்திலும் குரோமியம்-6 எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டேனரியில் பயன்படும் குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து ஓடும், விஷமும் அதிகம். வயலுக்குச் செய்வதுபோல் பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்பினாலும் ஏமாற்றம்தான். ஒரு மூலையில் இருக்கும் விஷம் மற்ற ஒன்பது இடத்து நல்ல மண்ணில் கரைந்து, அறிக்கையில் காணாமல் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஓர் அடி செம்மண் போட்டு மூடிப் புல் பதித்தால் முடிந்தது என்று நினைப்பது. மண் மழையில் அரிக்கும், மரத்தின் வேர் அதைத் தாண்டிக் கீழே போகும். அதுகூடப் பரவாயில்லை. பூங்கா என்றால் நாம் போர்வெல் போடாமல் விடமாட்டோமே! அடியில் கிடக்கிற விஷத்தை மோட்டார் வைத்து மேலே இழுத்து, புல்லுக்குத் தெளித்து, குழந்தைகள் கை கழுவும் குழாயிலும் விடுகிறோம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை விட்டுப்போனது. அந்தப் பக்கம் மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரை முதலில் சோதியுங்கள், புல்லைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தோண்டி எடுத்து லாரியில் ஏற்றிவிடலாம் என்கிறவர்களும் உண்டு. எங்கே கொட்டுவார்கள்? பக்கத்து ஏரியிலா? அபாயகரமான கழிவை இறுதியாகப் புதைக்க எல்லை தாண்டிக் கொண்டுபோவதென்றால், 2016 விதிகளின்படி இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

சரி, செலவு யாருடையது? மாசு செய்தவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று 1996-ல் இந்த வேலூர்ப் பகுதி டேனரிகள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்களுக்கான மத்திய அரசு விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் டேனரிக்காரர் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார். உங்கள் முன்னால் நிற்பவர் மனைப்பிரிவுக்காரர் மட்டும்தான். தானப்பத்திரம் பதிவானால்தான் அவருக்கு அனுமதி கிடைக்கும் என்பதால், அதுவரை நீங்கள் கூப்பிட்டால் போனை எடுப்பார். ஆய்வுக்கூட அறிக்கையையும், சுத்தம் செய்யும் செலவு தன்னுடையது என்ற எழுத்தையும் அந்த அவசரத்தில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.