வடக்குக் குளிருக்குக் கிளம்பும் கொங்குக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூரில் மார்கழி விடிகாலை 18, 19 டிகிரிக்கு இறங்கினாலே குல்லாவும் மஃப்ளரும் வெளியே வந்துவிடும். கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 சாதாரணம். நவம்பரில் பிடிக்கும் குளிர் மார்ச் கடைசி வரை விடாது. படிப்புக்கும் வேலைக்கும், மகளின் பிரசவம் பார்க்கவும் கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து அப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகிறவர்கள் குளிரை லேசாக எடுத்துக்கொள்வதில்லை, பயந்துதான் போகிறார்கள். அந்தப் பயத்தில் செய்யும் ஏற்பாடுகளில்தான் தவறு நேர்கிறது. பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது ஈரம்: உடம்பில் தங்கும் வியர்வை, பூட்ஸுக்குள் இறங்கும் பனித்தண்ணீர், ஜன்னலில் வடியும் நீராவி.

முதல் தவறு ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் தடியான ஹூடி நான்கைந்தை வாங்கிப் பெட்டியை நிரப்புகிறார்கள். திருப்பூரில் ப்ளீஸ் (fleece) என்றால் பெரும்பாலும் மூணு நூல் துணி. முன்பக்கம் காட்டன், பின்பக்கம் லூப்பைச் சீவி மெத்தென்று ஆக்கியிருப்பார்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) துணி கைக்குக் கனமாக இருப்பதால் குளிரைத் தாங்கும் என்று தோன்றும். ஆனால் பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நூல் வியாபாரத்தில் கணக்கிடும் ஈரப்பதம் பருத்திக்கு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 மட்டுமே. நம் உடம்பைக் கதகதப்பாக வைப்பது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. பருத்தி நனைந்தால் இழைகள் படிந்து, காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்த பிறகு நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் நடுக்கம் எடுப்பது இதனால்தான். கம்பளியும் ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் அதன் இழைச் சுருள் நனைந்தாலும் எளிதில் படியாது என்பதால் உள்ளே காற்று நிற்கும்.

அதனால் உடம்பை ஒட்டிப் போடுவது மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டர் தெர்மலாகவோ (குளிருக்கான உள்ளாடை) இருக்கட்டும். கட்டம் கட்டமாகப் பின்னிய வாஃபிள் தெர்மல் பலவும் காட்டன்தான், லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரையிலான போலார் ப்ளீஸ். இது முழுக்கப் பாலியஸ்டர், மூணு நூல் ப்ளீஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த இரண்டையும் ஊரில் வாங்கிப் போகலாம். காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் வெளிக் கோட்டை மட்டும் போன இடத்தில் வாங்குவதே சரி. ஊட்டிக்குப் போட்ட ஜெர்கின் அங்கே அக்டோபரைத்தான் தாங்கும். பணம் இடித்தால் பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டே கிடைக்கும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறந்துவிடுகிறோம், உள்ளே தெர்மல் பேண்ட் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். பஸ்ஸிலோ கடையிலோ ஏறியவுடன் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டால் சூடு கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. பூட்ஸ் இறுகினால் நடப்பது நேர் எதிர். விரல்கள் நெருக்குண்டு ரத்த ஓட்டம் குறையும், காற்றுக்கு இடமிருக்காது. தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றைப் போட்டபடியே பூட்ஸை அளவு பாருங்கள். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். கைக்கு ஐந்து விரல் கையுறையைவிட விரல்களெல்லாம் ஒன்றாக இருக்கும் பை போன்ற கையுறை கதகதப்பானது. வழுக்கும் தரையில் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துவிட்டு, பாதத்தை முழுதாக ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடங்கள்.

வானிலைச் செயலியில் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. ஆடிக் காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காற்றின் வேகம் புதிதல்ல, அங்கே அது தோலை உறைய வைக்கும் என்பதுதான் புதிது. காற்றோடு சேர்த்த கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மூக்கு நுனி, காது, விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது. உறைந்த திசு தேய்த்தால் கிழியும். ஹீட்டர் பக்கத்தில் நீட்டுவதும் ஆபத்து, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரையிலான வெந்நீரில் வைத்து உணர்ச்சி திரும்பும்வரை காத்திருங்கள். வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பெக் பிராந்தி குளிரைப் போக்கும் என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சூடு ஏறியதுபோல் காட்டும், உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

வீட்டுக்குள் ஹீட்டரை 27, 28க்கு ஏற்றி வைப்பதும் வேண்டாம். தோலும் மூக்கும் வறண்டு வெடிக்கும், 20, 21 டிகிரி போதும். சோறு கொதிக்கும்போதும் குளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாமல் விட்டால் நீராவி ஜன்னல் ஓரத்தில் வடிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டாலும் இதே கதி. எல்லாவற்றையும்விட மோசமானது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு மூட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சாம்பிராணி போடுவதற்காகப் புகை அலாரத்தைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் குளியலறை வடிகால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும், நல்லெண்ணெய்க்கு மாறிவிடுங்கள். வெந்நீரில் நெடுநேரம் நிற்காமல் சீக்கிரம் முடித்து, தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்று ஓவனைச் சூடாக்கி மாவை உள்ளே வைப்பவர்கள் அதை வேகவைத்துவிடுகிறார்கள். ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வைத்தால் போதும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், வேறு யாராவது தெரியாமல் அதைப் போட்டுவிடக்கூடும்.

“வெளிய போகாத கண்ணு, ஊட்டுக்குள்ளயே இரு” என்று ஊரிலிருந்து போனில் சொல்வது அன்பான பேச்சு, ஆனால் தவறான யோசனை. கோவையில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் அது 6 மணி நேரம்தான். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மதிய இடைவேளையில் அரைமணி நேரமாவது வெளியே நடங்கள், மனச்சோர்வுக்கு அது நல்லது. அந்த வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நடுக்குளிர்காலத்தில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் அங்கே தரைக்குப் போதிய அளவு வருவதில்லை, நம் கறுத்த தோலுக்கு அது இன்னும் அதிகம் தேவை. கனடாவில் 70 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட், அதற்கு மேல் 800 என்று சொல்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். விடியற்காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் அரைமணி நேரம் உட்காருவதும் பலருக்கு உதவுகிறது. கண் நோயோ மனநலச் சிகிச்சையோ இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பேரன் பேத்தியைப் பார்க்க அப்பா அம்மாவை டிசம்பரில் வரவழைப்பது, பிரசவத்துக்காக அல்லாமல் என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாசலில் திண்ணையும் பேச்சுமாக இருந்தவர்கள் நான்கு சுவருக்குள் மூன்று மாதம் முடங்கிப்போவார்கள், மே மாதம் வரட்டும். குளிரில் வந்தே ஆக வேண்டியிருந்தால் அவர்களுக்கு முதல் வாரமே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குழந்தையைத் தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டக் கூடாது. மோதலின்போது ஜாக்கெட் அமுங்கி, பட்டை தளர்ந்து, குழந்தை வெளியே வீசப்படலாம். மெல்லிய உடுப்போடு உட்கார வைத்து, தோள் பட்டையை விரல்களால் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கிவிட்டு, போர்வையைப் பட்டைக்கு மேலே போர்த்துங்கள்.