மேக் மீட்பு நிலையில் பாதுகாப்பு அமைப்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிப்பதிவுக் கருவி போன்ற ஒன்றின் டிரைவரை (அதை இயக்க உதவும் மென்பொருளை) நிறுவும்போது, மீட்பு நிலை என்ற தனித் தொடக்கச் சூழலுக்குச் சென்று பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்துமாறு மேக் கேட்பதுண்டு. அங்கே போய்ச் சேர்வதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். இன்டெல் மேக்கில் கணினி தொடங்கும்போது கமாண்ட், ஆர் விசைகளை அழுத்திப் பிடித்தால் போதும். 2020 நவம்பரில் எம்1 உடன் தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் வரிசையில் அந்த விசைகளுக்கு வேலையில்லை. கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, தொடக்கத் தெரிவுகள் திரையில் வரும்வரை பவர் பொத்தானை விடாமல் அழுத்தியிருந்து, ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு உடனே மறுமுறை அழுத்திப் பிடித்தாலும் அதே போன்ற திரைதான் வரும். ஆனால் அது மாற்று மீட்பு நிலை, பாதுகாப்பு அமைப்பை மாற்ற உதவும் ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யுட்டிலிட்டி என்ற செயலி அதில் இருக்காது. அதைக் காணவில்லை என்பதற்காக மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவ முனைய வேண்டாம். அணைத்துவிட்டுச் சரியாக அழுத்தினாலே கிடைத்துவிடும்.

இவற்றைவிடக் கவலை தருவது, தேவைக்கு மேல் தளர்த்துவது. இயங்குதளத்தின் மையப் பகுதியோடு சேர்ந்து இயங்கும் கெர்னல் எக்ஸ்டென்ஷன் ஒன்றை (சில டிரைவர்கள் இவ்வகை) அனுமதிக்க, அந்த யுட்டிலிட்டியில் ரெட்யூஸ்டு செக்யூரிட்டி என்ற தளர்த்திய நிலையைத் தேர்ந்து, அடையாளம் அறியப்பட்ட உருவாக்குநர்களின் எக்ஸ்டென்ஷன்களை அனுமதிக்கும் கட்டத்தில் குறியிட்டாலே போதுமானது. அப்படியிருக்க, எங்கோ படித்ததை நம்பி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'சிஎஸ்ஆர்யுட்டில் டிஸேபிள்' என்று கட்டளையிடுபவர்கள், 2015இல் எல் கேப்பிட்டன் பதிப்புடன் வந்து, நிர்வாகிகூடச் சிஸ்டம் கோப்புகளைத் தொட முடியாதபடி காத்துவரும் சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷன் என்ற அரணையே அகற்றிவிடுகிறார்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் இதனால் ஐபோன், ஐபேட் செயலிகளும் இயங்காமல் போகும். சோதனைக்காக அதை அணைத்தே ஆக வேண்டியிருந்தால், வேலை முடிந்த அன்றே மீட்பு நிலைக்குத் திரும்பி 'சிஎஸ்ஆர்யுட்டில் எனேபிள்' என்று கட்டளையிடுங்கள். வழக்கமாக உள்நுழைந்த பின் 'சிஎஸ்ஆர்யுட்டில் ஸ்டேட்டஸ்' என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லுள்ள இன்டெல் மேக் வைத்திருப்போர் வரிசை மாறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளி வட்டிலிருந்து தொடங்குவது அதில் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். அதற்கு அனுமதி தர நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். அனுமதியை மாற்றும் முன்பே உள் வட்டை அழித்துவிட்டால், சரிபார்க்க நிர்வாகிக் கணக்கே இல்லாமல் போய், ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யுட்டிலிட்டி எதையும் மாற்ற விடாது. அப்போது, நல்ல இணைய இணைப்புடன், மீட்பு நிலையிலிருந்தே மேக்ஓஎஸ்ஸை உள் வட்டில் நிறுவி, புதிய நிர்வாகிக் கணக்கை உருவாக்கிய பிறகே அமைப்பை மாற்ற இயலும்.