பில்லின் ஒவ்வொரு வரியிலும் உள்ள தொகையைக் கூட்டுவது எப்படி: எலாஸ்டிக்செர்ச்சில் நெஸ்டெட் திரட்டல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு மளிகைக் கடையின் விற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்லும் எலாஸ்டிக்செர்ச் என்ற தேடல், பகுப்பாய்வு மென்பொருளில் ஓர் ஆவணம். அதில் வாங்கியவரின் ஊரும், ‘பொருள்கள்’ என்ற புலத்துக்குள் (ஃபீல்டு) பொருளின் பெயரும் தொகையும் கொண்ட வரிகளும் இருக்கின்றன. முதல் பில் பட்டர்வொர்த்தைச் சேர்ந்தவருடையது: மிளகு 24 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), சீரகம் 30 வெள்ளி. இரண்டாவது ஜார்ஜ் டவுன்: சீரகம் 6, மல்லித்தூள் 15. மூன்றாவது மீண்டும் பட்டர்வொர்த்: மிளகு 12, பிறகு அதே பில்லில் மறுபடி கேட்டு வாங்கிய மிளகு 48. மிளகு மொத்தம் எவ்வளவுக்கு விற்றது என்று கையால் கூட்டினால் 84 வெள்ளி வரும்.

மேப்பிங் (ஒவ்வொரு புலமும் எந்த வகை என்ற வரையறை) எதையும் சொல்லாமல் தரவை ஏற்றி, பெயர்வாரியாகத் தொகையைக் கூட்டச் சொன்னால் மிளகுக்கு 114 என்று விடை வரும். பில்லிலுள்ள பெயர்கள் எல்லாம் ஒரு பட்டியலாகவும் தொகைகள் எல்லாம் வேறொரு பட்டியலாகவும் தட்டையாக்கப்படுவதால், எந்தத் தொகை எந்தப் பொருளுக்கு உரியது என்ற உறவு அறுந்துபோகிறது. மிளகு உள்ள பில்களின் முழுத் தொகையான 54-உம் 60-உம் சேர்ந்ததே அந்த 114. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இது ஆபத்தான தவறு.

முதல் படியாக, புதிய இண்டெக்ஸை (ஆவணங்களின் தொகுப்பை) உருவாக்கும்போதே ‘பொருள்கள்’ புலத்தின் வகையை, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வைத்திருக்கும் நெஸ்டெட் என்றும், அதனுள் பெயரை, சொற்களாகப் பிரிக்காமல் முழுதாக வைக்கும் கீவேர்டு என்றும், தொகையை எண் வகை என்றும் குறிப்பிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் புலத்தின் வகையைப் பிறகு நெஸ்டெட்டாக மாற்ற முடியாது. புதிய இண்டெக்ஸுக்குத் தரவை நகலெடுக்க (ரீஇண்டெக்ஸ் செய்ய) வேண்டியிருக்கும்.

இரண்டாவதாகத் தரவை ஏற்றுங்கள். இப்போது ஒவ்வொரு வரியும், எலாஸ்டிக்செர்ச்சின் அடியில் இயங்கும் தேடல் நூலகமான லூசீனுக்குள் மறைவான தனி ஆவணமாகிறது. தேடினால் 3 பில்களே தெரியும். இண்டெக்ஸ்களைப் பட்டியலிடும் கேட் (_cat) கட்டளையோ 6 வரிகளையும் சேர்த்து 9 என்று காட்டும்.

மூன்றாவது படியில்தான் திரட்டல், அதாவது தரவைப் பிரித்துக் கூட்டும் கணக்கு, தொடங்குகிறது. வெளியே நெஸ்டெட் திரட்டலை வைத்து, அதன் பாத் (பாதை) மதிப்பாகப் ‘பொருள்கள்’ என்று கொடுங்கள். அதனுள் பெயர்வாரியாகப் பிரிக்கும் டெர்ம்ஸ் திரட்டலும், அதற்கும் உள்ளே தொகையைக் கூட்டும் சம் திரட்டலும் அமையட்டும். உள்புலங்களைப் ‘பொருள்கள்’ என்று தொடங்கி, புள்ளி வைத்து, முழுப் பெயராகவே எழுத வேண்டும். மிளகு 84, சீரகம் 36, மல்லித்தூள் 15 என்று சரியான கணக்கு கிடைக்கும். டெர்ம்ஸ் இயல்பாக 10 பிரிவுகளையே தரும் என்பதால், பொருள்கள் அதிகமானால் அதன் சைஸைக் கூட்டுங்கள்.

மிளகுக்கான ஆவண எண்ணிக்கை 3 என்று வரும். அது வரிகளின் எண்ணிக்கை. பில்களின் எண்ணிக்கை வேண்டுமானால், டெர்ம்ஸுக்குள் ரிவர்ஸ் நெஸ்டெட் திரட்டலைச் சேருங்கள். அது வரியிலிருந்து தாய் ஆவணத்துக்கு மீண்டு, ஒரே பில்லை இருமுறை எண்ணாமல் 2 என்று சொல்லும்.

மிளகை மட்டும் பார்க்க விரும்புவோர் நெஸ்டெட் தேடலை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதுண்டு. தேடல் பில்களைத்தான் தேர்ந்தெடுக்கும். தேர்ந்த பில்லிலுள்ள சீரகமும் கணக்கில் வந்துவிடும். ஆகவே நெஸ்டெட் திரட்டலுக்குள், மிளகு வரிகளை மட்டும் வடிகட்டும் ஃபில்டர் திரட்டலையும் வைக்க வேண்டும்.

ஊர்வாரியாக மிளகு விற்பனையைக் கேட்கும்போது வரிசை மிக முக்கியம். முதலில் வெளியே ஊருக்கு டெர்ம்ஸ், அதனுள் நெஸ்டெட், பிறகு பெயர், கடைசியில் சம் என்று அமைத்தால் பட்டர்வொர்த்துக்கு 84 வரும். மாறாக, மிளகு என்ற பிரிவிலிருந்து ரிவர்ஸ் நெஸ்டெட் வழியாக வெளியேறி, ஊரைப் பிரித்து, மீண்டும் நெஸ்டெட் மூலம் உள்ளே நுழைந்து கூட்டினால், அந்தப் பில்களின் எல்லா வரிகளும் சேர்ந்துகொண்டு அதே 114 திரும்பி வந்துவிடும்.