இந்திரியும் கரிச்சானும்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

மடகாஸ்கரின் பாடும் லெமூரான இந்திரியையும் (லெமூர் என்பது குரங்குகளுக்கு உறவான பாலூட்டி) எங்கள் மட்டக்களப்பு வளவுகளில் விடியும்போதே பாடத் தொடங்கும் குண்டுக்கரிச்சான் பறவையையும் ஒப்பிட்டு ஒப்படை எழுதப்போகிறீர்களா? நல்ல தலைப்புத்தான், ஆனால் வழுக்கும் இடங்கள் நிறைய.

படத்திலேயே பிழை தொடங்கும். பெரிய கண்ணைப் பார்த்துவிட்டு லெமூர் என்று தேவாங்கின் படத்தை ஒட்டாதீர்கள். தேவாங்கு இலங்கைக் காடுகளில் இரவில் திரிவது, லெமூருக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். இந்திரி பகலில் நடமாடும், இன்று வாழும் லெமூர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இந்திரியின் பாட்டில் தாள ஒழுங்கு உண்டு என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியாரைக் கேட்டால் உடனே விளங்கப்படுத்துவார்: அடிகளுக்கு இடையே ஒரே இடைவெளி வந்தால் 1:1, அடுத்த இடைவெளி இரட்டித்தால் 1:2. இந்திரியிடம் இரண்டும் இருந்தன. சரி, சில பாட்டுப் பறவைகளிடமும் சீரான இடைவெளி உண்டு என்பதற்காக இந்திரியும் பறவையும் ஒரே மூதாதையிடமிருந்து பாட்டை வாங்கின என்று எழுதிவிடக்கூடாது. பாலூட்டிகளின் வழியும் பறவைகளின் வழியும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல். பாடும் உறுப்பே வேறு: இந்திரிக்குக் குரல்வளை, பறவைக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியில் உள்ள ஒலிப்பெட்டி. கரிச்சானில் பெரும்பாலும் ஆண்தான் பாடும், இந்திரியிலோ ஆணும் பெண்ணும் குடும்பமாகச் சேர்ந்து பாடும்.

பெரிய பிழை இதுதான்: இரண்டு விலங்குக் கூட்டத்தையும் பற்றி ஒரே அளவுக்குத் தெரியும் என்று நினைத்து எழுதுவது. ஸீப்ரா ஃபிஞ்ச் போன்ற சிட்டுகளைக் கூண்டில் வளர்த்து, குஞ்சைத் தனியாகப் பிரித்துவைத்து, மூத்த பறவையிடம் கேட்காவிட்டால் அதற்குப் பாட்டு ஒழுங்காக வராது என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். இந்திரியைக் கூண்டில் நிலைத்து வாழவைக்க முடிந்ததில்லை. அந்த 2021 ஆய்வுக்கே 12 ஆண்டுகள் காட்டில் பின்தொடர்ந்து 39 விலங்குகளின் பாட்டைத்தான் பதிவுசெய்ய முடிந்தது. ஆகவே இந்திரி தாளத்தைக் கற்கிறதா, பிறவியிலேயே கொண்டுவருகிறதா என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், இந்திரிக்கு ‘அழியும் ஆபத்து’ என்பதற்குத் தொகை குறைவு என்று மட்டும் எழுதினால் போதாது. காடு வெட்டி எரிக்கப்படுகிறது, வேட்டையும் நடக்கிறது. இந்திரி இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும் என்பதால் இழப்பு ஈடாவதில்லை. கரிச்சான் ஒரே தடவையில் நாலைந்து முட்டை இடும். அதையும் ‘எங்கும் உள்ள பறவை’ என்று பொதுவாக எழுதாமல் எந்த நாட்டில் என்று சொல்லுங்கள்: பாட்டுக்காகக் கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே சிங்கப்பூரில் ஒரு காலத்தில் அருகிப்போன பறவை அது.