வடக்கே குழந்தைகளோடு போகும்போது காலைச் சாப்பாடு

குழந்தைக்கு ஆறரை மணிக்கே பசி வந்துவிடும். ஓட்டலில் காலை உணவும் சேர்த்தித்தான் என்றாலும், பெரும்பாலும் ஏழரை எட்டுக்குத்தான் பாத்திரத்தைத் திறப்பார்கள். ஆக்ரா, மதுரா, காசி என்று போகும் குடும்பங்கள் திண்டாடுவது இந்த இடைவெளியில்தான். அதனால் காலைச் சாப்பாட்டை முதல் நாள் ராத்திரியே முடிவு செய்துவிடுங்கள்.

படுக்கப் போகும்முன் ஒரு பிளாஸ்க் நிறையக் கொதிக்கும் வெந்நீர் வாங்கி வையுங்கள். பாலை ஊற்றி வைக்காதீர்கள். விடிவதற்குள் வெதுவெதுப்பாகித் திரிந்துவிடும். காலையில் ஒரு கைப்பிடி மெல்லிய அவல், இரண்டு ஸ்பூன் பால் பவுடர், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போட்டு, அவல் மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். கெட்டி அவல் இதற்கு ஊறாது. சத்துமாவும் சரிப்படாது: அதைக் காய்ச்ச வேண்டும், வெறுமனே வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டிப் பச்சை வாசனை அடிக்கும்.

தாஜ்மகாலுக்கு இது ரொம்பவே அவசியம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடுவார்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை), உள்ளே தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள். வரிசையில் நிற்கும் முன்பே அவலும் ஒரு வாழைப்பழமும் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

வெளியே வந்தபின் இட்லி தேடி அலையாதீர்கள். அங்கே காலையில் சூடாக ஓடுவது பூரி, கச்சோரி, பராத்தா; ஆக்ராவில் பேடயி, அதாவது உளுந்து மசாலா வைத்த பூரி. ஊர்க்காரர்கள் காலையில் சாப்பிடுவதைச் சாப்பிடுவதுதான் வயிற்றுக்குப் பத்திரம், ஏனென்றால் அதுதான் உடனுக்குடன் தீர்ந்து புதிதாக வருகிறது. கடையின் முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பூரி எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறதா, சப்ஜி (தொட்டுக்கொள்ளும் காய்க் குழம்பு) அடுப்பில் கொதித்தபடி இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்பே பொரித்துக் குவித்த கச்சோரி வேண்டாம். பச்சைச் சட்னியைக் குழந்தையின் தட்டில் வைக்க விடாதீர்கள். பச்சைத் தண்ணீர் சேர்த்து அரைத்தது, பலருக்கு வயிற்றுப்போக்கு அதில்தான் தொடங்குகிறது. தட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் கடையானால் இலைத் தொன்னையில் கேளுங்கள், "தோனா" என்றால் புரியும்.

அடுத்த தொல்லை காரம். ஆலு பராத்தாவுக்கு "மிர்ச் கம்" (மிளகாய் குறைவாக) என்று சொல்லிப் பயனில்லை. பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு மசாலாவை முன்கூட்டியே பிசைந்து வைத்திருப்பார்கள். "சாதா பராத்தா, தஹி" என்று கேளுங்கள். நம் ஊர் மைதா பரோட்டா மாதிரி இல்லை, இது கோதுமை. தயிரும் சர்க்கரையும் தொட்டுக் கொடுத்தால் மூன்று வயதுக் குழந்தையும் ஒன்று சாப்பிட்டுவிடும். பேடயிக்கும் அப்படியே, சப்ஜியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். முட்டை சாப்பிடும் குழந்தைக்கு ஆம்லெட் கேட்கும்போது "பினா மிர்ச், பினா பியாஜ்" (மிளகாய், வெங்காயம் இல்லாமல்) என்று அடுப்பில் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஹரித்வார், பிருந்தாவனம் போன்ற இடங்களில் முட்டையை நம்பிப் போக வேண்டாம்.

ரயிலில் ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங்கில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் குறிப்பிட்ட நிலையங்களில் சீட்டுக்கே சாப்பாடு வரும். வண்டி ஏழிலிருந்து எட்டுக்குள் சேரும் நிலையமாகப் பார்த்து, முதல் நாளே சொல்லி வையுங்கள். ஆனால் வண்டி மூன்று மணி நேரம் தாமதமானால் காலை டிபனும் மூன்று மணி நேரம் தள்ளித்தான் வரும். அதற்காகவே பொடி இட்லி. பத்து இட்லிக்கு நான்கு ஸ்பூன் பொடி, மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், இரண்டு பக்கமும் தடவுங்கள். இட்லி நன்றாக ஆறிய பிறகுதான் தடவிக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்து, காலையில் நூல் விடும். குழந்தையின் பங்குக்குப் பொடியைக் குறைத்து, தனிப் பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். ராத்திரி கிளம்பினால் மறுநாள் காலைக்குத் தாங்கும், மதியத்துக்கு வைக்காதீர்கள்.