சொகுசுக் கப்பலில் ஏறும் முன்: குமரி மாவட்டப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் நம் கடற்கரை ஊர்களில் கடலைப் பற்றிப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள், வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கிறவர்கள், சொகுசுக் கப்பலின் சமையற்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் என எல்லோரும் இங்கே உண்டு. ஆனாலும் பணம் கட்டிப் பயணியாக ஏறுவது வேறு அனுபவம். கொச்சி, சென்னை, மும்பை, சிங்கப்பூர் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் சில இரவுகள் குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கப்பலை ஒரு ஹோட்டலாக எண்ணிக்கொள்வதில்தான் தொடங்குகின்றன. ஹோட்டலுக்கு இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அறை நமக்காக இருக்கும். கப்பல் குறித்த நேரத்தில் போய்விடும். போன பிறகு அது கடல்சார் சட்டத்துக்கும் காற்றுக்கும் அலைக்கும் கட்டுப்பட்டது.

முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது. கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் என்று சீட்டில் இருந்தால், அன்று காலை நாகர்கோவிலில் ரயில் ஏறினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம் ஆகும்; வழியில் ரயில் எங்கேயாவது நின்றுவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பே பயணிகளைப் பதிவு செய்யும் மேசைகளை மூடிவிடுவார்கள். குடிநுழைவுச் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். தாமதமாக வந்தவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. சென்னையிலிருந்து ஏறுபவர்கள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவு பயணம் செய்து அன்று காலையே எழும்பூரில் இறங்குவதும் இதே துணிச்சல்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது மேலும் ஆபத்தானது. முந்தின நாளே துறைமுக நகருக்குப் போய், ஒரு சாதாரண லாட்ஜில் தங்கிவிடுவது இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. கொச்சியில் கப்பல் முனையங்கள் வில்லிங்டன் தீவில் ஒன்றுக்கு மேல் உள்ளன. 2021-இல் திறக்கப்பட்ட சாகரிகா முனையம் அவற்றில் ஒன்று. ஆட்டோக்காரரிடம் வெறுமனே “துறைமுகம்” என்று சொல்லாமல், சீட்டில் அச்சிட்டிருக்கும் முனையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஆவணங்களில் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர்தான். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிவாக இருக்கும்; ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும்; டிக்கெட் எடுத்துத் தந்த உறவினர் வீட்டில் கூப்பிடும் பெயரைப் பதிந்திருப்பார். முனையத்தில் பயணிகள் பட்டியலில் உள்ள பெயரும் கையில் இருக்கும் ஆவணமும் பொருந்தவில்லை என்றால் குடும்பமே ஒதுங்கி நிற்க நேரிடும். டிக்கெட் எடுக்கும் நாளிலேயே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையோ புக்கெட்டையோ தொட்டுவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்தில், நீங்கள் அந்நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவுக்கான விசா மட்டும் இருந்தால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். லட்சத்தீவு நம் நாட்டுக்குள்ளேயே இருந்தாலும் நுழைவு அனுமதி வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் டிக்கெட் எடுக்கும் முன்பே விதியைக் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்பதில்லை.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் அன்பு மிகுந்துவிடுகிறது. மட்டிப்பழக் குலை, டப்பாவில் அடைத்த மீன் குழம்பு, பொட்டலம் கட்டிய கருவாடு எல்லாம் கப்பலின் சோதனைக் கருவியைத் தாண்டாது. வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. கடையில் முத்திரையிட்டு விற்கும் நேந்திரம் சிப்ஸ், முறுக்கு போன்றவற்றைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். அதையும் இறங்கும் துறைமுகத்தில் கரைக்குக் கொண்டு போகும் முன் அந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். பழத்துக்கும் இறைச்சிக்கும் பல நாடுகளில் தடையும் அபராதமும் உண்டு. மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் காயில், மெழுகுவர்த்தி, சூடம், ஊதுபத்தி எதுவும் கூடாது. நடுக்கடலில் தீ என்பது கப்பல்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சும் விஷயம். தீயணைப்பு வண்டி அங்கே வராது. ஆகவே பறிமுதல் செய்கிறவரிடம் சாமி கும்பிட வேண்டும் என்று வாதிடுவதில் பொருளில்லை. மறக்கக் கூடாத இன்னொன்று: பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். இரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின், பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

ஏறியவுடன் எல்லோரும் சாப்பாட்டு அரங்குக்கு விரைகிறார்கள். அவசரகாலப் பயிற்சி அறிவிப்பு வந்தால் “நமக்கு எதற்கு” என்று அறையில் படுத்துவிடுகிறார்கள். இது வெறும் ஒழுங்கு மீறல் அல்ல. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அதுவரை பயிற்சி தரப்படவில்லை. புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அந்த விபத்துக்குப் பின் விதி மாற்றப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்றானது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எல்லோரும் தங்களுக்குரிய கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் எதுவென்பது உங்கள் அறைக் கார்டிலும் கதவின் உட்புறத்திலும் எழுதப்பட்டிருக்கும். வயதான பெற்றோரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக அந்த இடத்தை ஒருமுறை காட்டிவிடுவது பிள்ளைகளின் கடமை.

கரையில் இறங்கும் நாட்களில் பலரைத் தடுமாற வைப்பது கடிகாரம். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. இறங்கும் நாட்டின் நேரம் அதிலிருந்து வேறுபடலாம். கைபேசியோ கரையைத் தொட்டவுடன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒவ்வொரு நாள் இரவும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ செயலியிலோ திரும்பி ஏற வேண்டிய நேரம் இருக்கும். அது கப்பல் நேரப்படி இருப்பதால், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. வெளியார் வண்டியை அமர்த்திச் சுற்றிப் பார்க்கப் போனால், அந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். நாம் தனியாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது.

சில இடங்களில் கப்பல் கரையை அணையாமல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்கும். லட்சத்தீவில் பவளப்பாறை காரணமாகப் பல தீவுகளில் இதுதான் நிலை. கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடாமல் நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிறு படகு இறக்க முடியாத அலை இருந்தால் அந்தத் தீவையே கேப்டன் தவிர்த்துவிட்டுப் போவார் என்பது நமக்குப் புதிதாக இருக்கக் கூடாது. ஆனாலும் வரவேற்பு மேசையில் கூட்டமாக நின்று சத்தம் போடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. பாதையையும் துறைமுகத்தையும் மாற்ற கேப்டனுக்கு முழு அதிகாரம் உண்டு என்று டிக்கெட்டின் நிபந்தனையிலேயே இருக்கும். பொதுவாக அந்தத் துறைமுகத்துக்கான வரி மட்டும் திரும்பக் கிடைக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளை இருளாக்கியது என்று அறிந்தவர்கள், வானிலையைப் பார்த்துத் திரும்புகிற ஒரு கேப்டனோடு சண்டையிடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

கடல்நோய் பற்றி ஒரு மிகைநம்பிக்கை உண்டு. கடற்கரையில் பிறந்தவருக்கு வாந்தி வராது என்பது உண்மையல்ல. வள்ளத்தில் போகும் உடல் வேறு, மூடிய அறையில் படுத்திருக்கும் உடல் வேறு. ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் கப்பலின் நடுப்பகுதியும் கீழ்த் தளங்களும். கட்டணம் கூடிய மேல்தள முன்பக்க அறையில்தான் அசைவு அதிகம் தெரியும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்ப்பது உதவும். ஆனி, ஆடியில் அரபிக்கடல் எப்படியிருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

அறைக்குள் நடக்கும் சிறு விபத்துகளில் அதிகமானவை குளியலறையில். வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு விளிம்பு உயர்ந்து நிற்கும். இரவில் கண் விழித்துப் போகும் முதியவரின் கால்விரல் நேராக அதில்தான் இடிக்கும். முதல் நாளே அவர்களை அதைத் தாண்டி இரண்டுமுறை நடக்க வைத்துப் பழக்கிவிட்டால் இரவில் பயமில்லை. பக்கெட்டும் கப்பும் இருக்காது. ஷவரின் திரையை உள்பக்கமாக இழுத்துவிட்டுக் குளிக்காவிட்டால் தண்ணீர் அறை விரிப்பு வரை ஓடிவிடும். கழிவறை காற்றழுத்தத்தில் இழுக்கும் வகை. அதில் துணியோ நாப்கினோ போட்டால் உங்கள் அறையோடு பக்கத்து அறைகளும் பாதிக்கப்படும். பால்கனிக் கதவு கனமானது. காற்றடிக்கும்போது பிள்ளைகளின் விரல் நசுங்கிவிடும். பால்கனியில் துணி காயப் போடுவதும், அங்கிருந்து சாக்லேட் தாளைக்கூடக் கடலில் எறிவதும் கண்டிப்பாகக் கூடாது.

மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொடும்போது நோரோவைரஸ் போன்ற வயிற்றுநோய் விரைவாகப் பரவும். அதற்கு சானிடைசர் போதாது; சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அங்கே சிகிச்சைக் கட்டணம் அதிகம் என்பதற்காகவே பலர் மறைக்கிறார்கள். மருத்துவச் செலவையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தத் தயக்கம் வராது. பஃபேயில் தட்டை மலையாகக் குவித்துவிட்டுப் பாதியைத் தள்ளுவது வருத்தம் தரும் காட்சி. கொஞ்சம் எடுத்து, வேண்டுமானால் மறுபடி போகலாம், யாரும் தடுப்பதில்லை.

உடையில் தயங்க வேண்டாம். முறையான விருந்து இரவுகளில் பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் பொதுவாக முழு மரியாதையோடு ஏற்கப்படுகின்றன. ஆனால் லுங்கியோடு சாப்பாட்டு அரங்குக்கு வருவதும், நீச்சல் குளத்தில் சேலையோ ஜீன்ஸோ அணிந்து இறங்குவதும் ஏற்கப்படாது. குளத்தோரச் சாய்வு நாற்காலியில் காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போய்விடுவதும், நள்ளிரவில் நடைபாதையில் நின்று ஸ்பீக்கரில் பேசுவதும் மற்றவர்களுடைய விடுமுறையைக் கெடுக்கும் செயல்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பணியாளர்களை நடத்தும் விதம். உங்கள் படுக்கையை விரிக்கிறவர் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை வீட்டைப் பார்க்காமல் வேலை செய்பவராக இருக்கலாம். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வாவது கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அந்த வேலை எவ்வளவு நீளமானது என்பது இதிலிருந்தே புரியும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது, “ஏய்” என்பது, குழந்தை சிந்தியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் எழுந்து போவது எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வேறொருவர் செய்தால் நாம் பொறுக்க மாட்டோம். பெரும்பாலான வெளிநாட்டுக் கப்பல்களில் ஒருவருக்கு ஒருநாளைக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்புத் தொகை கணக்கில் தானாகவே ஏறும். டிக்கெட் விலையோடு அதையும் முதலிலேயே கூட்டிப் பார்க்க வேண்டும். கடைசி நாளில் வரிசையில் நின்று அதை நீக்கச் சொல்வது நியாயமில்லை.

செலவுகள் அறைக் கார்டிலேயே பதிவாகும் என்பதால் கை நிறையக் காசு கொடுப்பதுபோலத் தோன்றாது. அதனால் கணக்கைத் தினமும் பார்க்க வேண்டும். கரையை விட்டு விலகியதும் கைபேசி செயற்கைக்கோள் வழிக் கப்பல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அதன் ரோமிங் கட்டணம் மிகக் கடுமையானது. ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு, தேவையானால் வைஃபை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் பாஸ்போர்ட்டையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் இரவு உடையோடு திகைத்து நிற்கக் கூடாது. கப்பல் ஏழு மணிக்குத் துறையை அணைந்தாலும், தளம் தளமாக அழைத்து இறக்கி, பெட்டியும் கைக்கு வந்து சேரப் பத்து மணி தாண்டிவிடலாம். ஆகவே எர்ணாகுளத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்ப, பிற்பகலுக்கு முன்பே கிளம்பும் ரயிலில் இடம் பதிவு செய்யாதீர்கள்.